சங்கத்து மகிழுந்தும் சிறப்பு விருந்தினரின் பிரேக் எண்ணெயும்

எங்கள் சங்கத்திற்கு ஒரு மகிழுந்து உண்டு. மூன்று கதவுகள் கொண்ட, இந்நாட்டிலேயே செய்யப்பட்ட, வயது முதிர்ந்த வண்டி. அதன் பின்னிருக்கைகளை அகற்றி, உள்ளே இரும்புக் கூண்டு பொருத்தி, இயந்திரத்தையும் மாற்றி, அதைப் பந்தயத்தடத்தில் ஓடக்கூடிய விரைவு வண்டியாக்கி வைத்திருக்கிறார்கள். கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து, இப்போது ஆளுக்கோர் ஊரில் பிழைக்கும் விரைவு வண்டிப் பிரியர்கள் நடத்தும் சங்கம் அது. நான் அதன் மதியுரைஞன். வண்டியின் முன்மூடியை எப்படித் திறப்பது என்று எனக்கு இன்றளவும் தெரியாது. ஆயினும் தமிழர் நடத்தும் சங்கம் எதுவாயினும், மேடையின் ஓர் ஓரத்தில் வேட்டி உடுத்திய முதியவர் ஒருவர் வீற்றிருந்தாக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து நடைமுறை. அந்தத் தகுதி என்னிடம் குறைவின்றி இருந்தது.

வண்டியை ஓட்டுபவள் என் மருமகள், என் மகனின் மனைவி. செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறாள். விமான நிலையத்தின் பக்கத்திலிருக்கும் பந்தயத்தடத்தில், கட்டணம் செலுத்துவோர் தத்தம் வண்டியை ஓட்டிப் பார்க்கச் சில நாள்களை ஒதுக்குகிறார்கள். அந்நாள்களில் அவள் ஓட்டுவாள். ஏனைய உறுப்பினர்கள் கூடாரத்து நிழலில் நின்று, அவள் எந்தெந்த வளைவில் தவறினாள் என்பதை ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்வர்.

இனி வரும் செய்தி பிரேக் எண்ணெயைப் பற்றியது. அதற்கொரு தூய சொல் ஆக்கித் தருமாறு என்னைப் பலமுறை கேட்டிருக்கிறார்கள். மறுத்துவிட்டேன். தூய தமிழுக்காக உயிரையும் கொடுக்கலாம் என்று மேடைகளில் பேசியவன்தான் நான். அது மருமகளின் உயிராக இருத்தல் கூடாது. பட்டறையில் ஆபத்து நேரத்தில் எச்சொல்லைக் கூவுவார்களோ அச்சொல்லையே இங்கும் எழுதுகிறேன்.

சங்கத்தின் ஆண்டு விருந்துக்கு உதிரிப்பாக வணிகர் ஒருவர் ஒரு பெட்டி நிறையப் பிரேக் எண்ணெயை நன்கொடையாக அளித்தார். பந்தய வண்டிகளுக்கென்றே செய்யப்பட்ட உயர்ந்த வகை. நன்கொடையை வாங்கி அலமாரியில் வைத்தால் அதில் விழாவின் பொலிவு ஏது? கத்தரித்துத் திறப்பதற்கு நாடாவும் இல்லை. ஆகவே சிறப்பு விருந்தினராக வந்திருந்த பிரமுகர், ஒரு போத்தலின் மூடியைத் திருகி, அடியிலிருந்த முத்திரைத்தாளைக் கிழித்து, ஒளிப்படக் கருவியை நோக்கி உயர்த்திக் காட்டினார். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். அவர் ஒன்றைத் திறந்தபின் தலைவர் திறவாதிருப்பது முறையன்று. தலைவர் திறந்தபின் முன்னாள் தலைவரை விட்டுவிட்டால் அடுத்த தேர்தலில் அது எதிரொலிக்கும். மகளிர் பிரிவு, இளைஞர் பிரிவு, நன்கொடையாளரின் துணைவியார் என்று வரிசை நீண்டது. இறுதியில் மதியுரைஞன் என்ற முறையில் என் கையிலும் ஒன்றைத் திணித்தார்கள். பெட்டியில் திறக்கப்படாத போத்தல் ஒன்றுகூட எஞ்சவில்லை. பிறகு மூடிகளைத் திருகி, போத்தல்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மண்டபத்து அலமாரியில் அடுக்கினார்கள். அன்று மாலை மருமகளுக்கு வேலை முறை இருந்ததால் அவள் விருந்துக்கு வரவில்லை.

அதற்கடுத்த ஓட்டத்திற்குச் செயலாளர் அந்த அலமாரியிலிருந்துதான் எண்ணெய் எடுத்து ஊற்றியிருக்கிறார். அன்று என்ன நடந்தது என்பதை இரவுச் சாப்பாட்டின்போது அவள் எங்களிடம் சொன்னாள். தொடக்கத்துச் சுற்றுகளில் குறையொன்றும் இல்லை. பின்னர், நீண்ட நேர்ப்பாதையின் முடிவில், வண்டி அதன் முழு விரைவில் போய்க்கொண்டிருக்கையில், அவள் பிரேக்கை மிதித்தாள். மிதி பஞ்சுபோல் தாழ்ந்து தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை. மறுபடியும் மறுபடியும் மிதித்துக் கியரைக் குறைத்தும் வளைவு தப்பியது. வண்டி புல்வெளியில் சுழன்று சரளைக்கற்களில் புதைந்து நின்றது. இதைக் கேட்ட என் மகன், தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோய் வாசலில் நின்றான். நெடுநேரம் உள்ளே வரவில்லை.

அடுத்த ஓட்டம் அந்த வார ஞாயிறன்று. முத்திரை பிரியாத புதிய எண்ணெய் வேண்டும், அதுவும் ஒவ்வோர் ஓட்டத்திற்கு முன்னரும் வேண்டும் என்று அவள் செயற்குழுவில் விண்ணப்பித்தாள். கூட்டம் தோட்டத்து மண்டபத்தில் கூடியது. தலைவர், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் சிலவற்றின் உரிமையாளர். பொருளாளர் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தின் உடைமை எதுவாயினும், அது தேய்ந்து தீரும்வரை விடாதவர்.

“அலமாரியில பெட்டியோட இருக்கு. அதை வெச்சிக்கிட்டுப் புதுசு வாங்குறதா? கணக்குக் கேட்டா யாரு பதில் சொல்றது?” என்றார் பொருளாளர்.

“அதெல்லாம் பிரிச்ச போத்தல், கிராணி ஐயா,” என்றாள் மருமகள்.

“பிரிச்சா என்னம்மா? மூடி இறுக்கமாத்தான் இருக்கு. பெரிய மனுசன் கையால பிரிச்சது வேற.”

பிறகு எண்ணெய்களை எத்தனை நாளுக்கொரு முறை மாற்றுவது என்ற ஆராய்ச்சி தொடங்கியது. கண்ணாடியில் பட்டறைக்காரர் ஒட்டும் தாளில் உள்ளபடிதான் மாற்ற வேண்டும் என்றார் ஒருவர். நிறத்தைப் பார்த்தாலே போதும் என்றார் இன்னொருவர். ஆயுத பூசைக்கு எல்லா வண்டிகளையும் கழுவிப் படைக்கிறோமே, அன்று ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் ஆண்டு முழுவதும் கவலையில்லை என்று செயலாளர் மொழிந்ததற்குப் பலத்த வரவேற்பு இருந்தது.

“என் லோரி சபாக் பெர்ணத்துலேருந்து கிள்ளானுக்கு டெய்லி ஓடுது,” என்றார் தலைவர். “இஞ்சினுக்கு ஊத்துற மினியாக் ஹித்தாம் மட்டுந்தான் மாத்துவேன். பிரேக் எண்ணெய்க்கு ஒரு மூடி இருக்குன்னே டிரைவருக்குத் தெரியாது லா!”

அவையோர் சிரித்தனர். மருமகள் சிரிக்கவில்லை, சினக்கவும் இல்லை.

“உங்க லோரி ரோட்டுல ஓடுது, தலைவரே. ரோட்டுல ஓடுற வண்டிக்கு அந்தத் தாள் சரி. தடத்துல அரை மணி நேரம் ஓடினா ரோட்டுல மாசக்கணக்கா ஓடினதுக்குச் சமம். மினியாக் ஹித்தாம் ரெண்டு ஓட்டத்துக்கு ஒரு தடவ மாத்தினா தாங்கும். கியர் எண்ணெய் அதைவிடக் கொஞ்சம் கூடத் தாங்கும். ரேடியேட்டர் தண்ணி பார்த்துக்கிட்டாப் போதும். பிரேக் எண்ணெய் மட்டும் அப்படியில்ல. அது காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கும். சூடு ஏறினா அந்தத் தண்ணி கொதிச்சு ஆவியாயிடும். அப்பறம் மிதிச்சா ஆவியத்தான் மிதிப்போம். வண்டி நிக்காது.”

“ஈரமா? அலமாரியில எங்கம்மா ஈரம்?” என்றார் பொருளாளர்.

அவள் மேசைமீதிருந்த முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். ஆற்றுமுகத்தை ஒட்டிய எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி. சென்ற கூட்டத்திற்குப் பிரித்த டின்னிலிருந்து எடுத்து வைத்த முறுக்கு அது.

“ஒன்னு கடிச்சுப் பாருங்க, ஐயா.”

பொருளாளர் கடித்தார். ஓசை எழவில்லை. முறுக்கு வளைந்தது.

“டின்னுக்கும் மூடி இறுக்கமாத்தானே இருந்துச்சு?” என்றாள்.

அறிவார்ந்த அவையாயின் அத்துடன் செய்தி முடிந்திருக்கும். எங்கள் அவையோ முறுக்கு நமத்துப்போனதற்கு யார் பொறுப்பு என்ற வினாவுக்குத் தாவியது. மகளிர் பிரிவினர் தன்னிலை விளக்கம் அளித்தனர். இறுதியில், இருப்பிலுள்ள எண்ணெய் தீரும்வரை புதியது வாங்குவதில்லை என்றும், மாற்றும் கால அளவைப் பற்றி ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆராய்வதென்றும் தீர்மானமாயிற்று. ஆண்டுப் பொதுக்கூட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. மதியுரைஞன் எதிர்த்துப் பேசினேன்; என் மொழிவளத்தை அனைவரும் பாராட்டினர்.

அடுத்து, சங்கத்தின் ஆண்டு மலர். அதன் அட்டைக்கு, பாய்ந்து செல்லும் வண்டியில் தலைவர் தலைக்கவசம் அணிந்து வீற்றிருக்கும் ஒளிப்படம் வேண்டுமென்று செயலாளர் முன்மொழிந்தார். ஓட்டுநரின் பக்கத்தில் ஒருவரை அமர்த்திக்கொள்ளத் தடத்தில் இசைவு உண்டு. ஞாயிறன்றே எடுத்துவிடலாம். தலைவர் நாணமுற்றவர்போல் சற்று நெளிந்துவிட்டு இசைந்தார்.

“நல்லதுங்க, தலைவரே,” என்றாள் மருமகள். “அந்த இருக்கையில இருந்து பார்த்தா எல்லாம் நல்லாத் தெரியும். போன தடவ நேர்ப்பாதை முடியிற இடத்துல மிதி உள்ள போச்சே, அப்ப வண்டி அப்படியே சுவத்தப் பார்த்துப் போச்சு. இடப்பக்கமாத்தான் போச்சு. நீங்க உக்காரப் போறதும் இடப்பக்கந்தான்.”

தலைவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

“சுவருக்கும் வண்டிக்கும் எவ்ளோ தூரம்மா இருந்துச்சு?”

“நான் பார்க்கல, தலைவரே. கண்ண மூடிக்கிட்டேன்.”



“அந்த முந்தின விசயத்த இன்னொரு தடவ பேசலாமா?” என்றார் தலைவர்.

“முடிஞ்ச தீர்மானத்த மறுபடி எடுக்க விதியில இடமில்ல,” என்றார் பொருளாளர்.

“விதியெல்லாம் அப்பறம் பார்க்கலாம் லா! ஐயா, நீங்க சொல்லுங்க.”

மதியுரைஞனாக வீற்றிருந்த இத்தனை காலத்தில், என் கருத்தை அவர்கள் உண்மையிலேயே கேட்டது அன்றுதான். உயிரோடு இருக்கும் தலைவர் ஒருவர் சங்கத்தின் இன்றியமையாத உடைமை என்றும், உடைமைகளைக் காக்கும் கடப்பாடு செயற்குழுவுக்கு உண்டென்றும் கூறினேன். விவாதமின்றித் தீர்மானம் நிறைவேறியது. பொருளாளர் மட்டும் வாக்களியாது முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை, அழைக்காமலேயே தலைவர், வண்டி நின்ற எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டார். பழைய எண்ணெயை வெளியேற்ற இருவர் வேண்டும். ஒருவர் உள்ளே அமர்ந்து பிரேக்கை மிதிக்க, மற்றவர் சக்கரத்தின் பின்னுள்ள சிறு திருகைத் திறந்து, எண்ணெயைக் குழாய் வழியே வெளியேற்றி மூட வேண்டும். மூடும்முன் மிதியிலிருந்து காலை எடுத்தால் காற்று உள்ளே புகுந்துவிடும். மிதிக்கும் பணியைத் தாமே செய்வதாகத் தலைவர் பிடிவாதம் பிடித்தார். புதிய போத்தலைத் தம் கையில் வாங்கி, முத்திரைத்தாளை வெளிச்சத்தில் பிடித்து ஆராய்ந்து, அவளிடம் திருப்பித் தந்தார்.

“அமுக்குங்க, தலைவரே. பிடிங்க... பிடிங்க...”

“பிடிச்சிருக்கேன்மா! விடவே மாட்டேன்.”

“இப்ப விடுங்க.”

“உண்மையா விடட்டா?”

குழாயில் முதலில் கடுந்தேநீரின் நிறத்தில் வந்த எண்ணெய், பையப்பையத் தெளிந்தது. ஒவ்வொரு சக்கரமாக முடிந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, இன்னொரு போத்தலும் ஊற்றினால் பிரேக் இன்னும் நன்றாகப் பிடிக்குமா என்று அவர் கேட்டார். வியர்வை சட்டையை நனைத்திருந்தது. லோரி முதலாளி ஒருவர் இவ்வளவு கவனத்துடன் மிதியை அழுத்திப் பார்த்தது எங்கள் வட்டாரத்தில் அதுவே முதன்முறையாக இருக்கலாம்.

ஞாயிறன்று நேர்ப்பாதையின் முடிவில், வேலிக்குப் பின்னால் என் மகனோடு நின்றேன். அவன் வேலிக்கம்பியைப் பற்றியிருந்தான். வண்டி வெகுதொலைவில் புள்ளியாகத் தோன்றிப் பெருகி வந்தது. எங்களைக் கடந்ததும் பின்விளக்குகள் சிவந்தன. வண்டியின் மூக்கு தாழ்ந்தது, விரைவு தணிந்தது, வளைவுக்குள் ஒழுங்காகத் திரும்பி மறைந்தது. மீண்டும் வந்தது, மீண்டும் தணிந்தது. சில சுற்றுகளுக்குப் பின்னரே மகனின் விரல்கள் கம்பியை விட்டன.

கூடாரத்துக்கு வந்ததும் தலைவர் இறங்க முயன்றார். இருவர் தாங்கிப் பிடித்து நாற்காலியில் அமர்த்தினர். ஒளிப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். தலைவர் சிரித்தது இன்றும் மலரின் அட்டையில் இருக்கிறது. பார்ப்போர் வழிபாட்டின்போது எடுத்த படம் என்று எண்ணுகிறார்கள்.

“பிரேக்கு நல்லா இருக்கு,” என்றார் தணிந்த குரலில். “ஒவ்வொரு தடவையும் மாத்திடுங்க.”

மருமகள் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு பொருளாளர் பக்கம் திரும்பினாள்.

“தலைவரு மட்டும் உக்காந்தா நல்லா இருக்காது. அடுத்த ஓட்டத்துல நீங்க உக்காரணும், கிராணி ஐயா.”

“எனக்கு எதுக்கும்மா? ரத்த அழுத்தம் வேற இருக்கு.”

“அவரு உக்காரட்டும்,” என்றார் தலைவர் நாற்காலியிலிருந்து, உடனடியாக. “தீர்மானம் போட்டுரலாம்.”

பொருளாளர் வண்டியைப் பார்த்தார். சக்கரங்களிலிருந்து இன்னும் சூடு எழுந்துகொண்டிருந்தது. பிறகு மெல்ல அவளருகில் வந்தார்.

“அந்தப் போத்தல் எங்க வாங்கினம்மா? அடுத்த தடவைக்கு அதையே வாங்கு. ஒன்னு பத்தலன்னா ரெண்டா வாங்கு. கடையில பிரிச்சுப் பார்க்காத. வீட்லயும் பிரிக்காத. என் கண்ணு முன்னால பிரிக்கணும்.”

“சரிங்க, ஐயா,” என்றாள் அவள். “ஹெல்மட்டுக்கு உங்க தலை அளவு சொல்லுங்க.”