அரக்கு இட்லியும் ஏரிக்கரைத் தீர்ப்பும்

என் வாழ்க்கையில் நான் பெற்ற முழு வெற்றி ஒன்றே ஒன்றுதான். அதையும் வாங்கிக் கொடுத்தது இட்லி என்பதால் வெளியில் சொல்ல இத்தனை வருஷம் கூச்சப்பட்டேன். இப்போது வயது எண்பதை நெருங்குகிறது. வேறு வெற்றி வரும் என்று காத்திருந்து பார்த்தாகிவிட்டது. இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளில் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாற்று வாத்தியாராக இருந்தேன். தை மாதத்தில், ஏரி நிரம்பியிருக்கும் சமயமாகப் பார்த்து, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரைத் தென்னேரிக்குக் கூட்டிப் போவது எங்கள் வழக்கம். பெரும்பாலும் நெசவுத் தெருப் பிள்ளைகள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் தறி நிற்கிற வீடுகளில் வளர்கிறவர்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை எதுவும் மறைக்காமல் தண்ணீரைப் பார்ப்பது அவர்களுக்கு அந்த ஒரு நாள்தான். நான்காம் வகுப்பிலேயே நாளை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரு வருஷம் நாங்கள் போய் வந்த நான்காம் நாள், ஏரி மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டி நேராகத் தலைமையாசிரியர் அறைக்குள் வந்தார். தோளில் கிடந்த துண்டை மேஜைமேல் விரித்தார். உள்ளே பிஸ்கட் சுற்றின மெழுகுத்தாள், மிட்டாய்க் கண்ணாடித்தாள், பன் வந்த பாலிதீன் கவர் எல்லாம் சேற்றோடு சேர்ந்து ஒரு பந்தாக இருந்தன.

"இது இன்னா தெரியுதா சார்? மதகுல அடைச்சிக்கினு இருந்தது. ரெண்டு நாளா கடைசி வயலுக்குத் தண்ணி போவல. கையை உட்டு நான்தான் நோண்டி எடுத்தேன். இனிமே உங்க பசங்க அந்தப் பக்கம் வர வேணாம்."

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். பார்க்கக் காரணம் இருந்தது. பிஸ்கட், பன், மிட்டாய் மூன்றையும் வாங்கியவன் நான். 'சுத்தம்' என்ற தலைப்பில் பள்ளியின் சுவர்ப் பத்திரிகையில் அந்த வாரம் மூன்று பத்தி எழுதியிருந்தவனும் நான். கட்டுரை அவர் தலைக்குப் பின்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

படித்தவனுக்கு வாய் சும்மா இருக்காது. "அடுத்த வருஷம் ஒரு தாள்கூட இருக்காதுங்க. எல்லாத்தையும் வீட்டிலேயே செஞ்சு இலையில கட்டி எடுத்துக்கிட்டு வரோம். நான் பொறுப்பு" என்றேன்.

நீர்க்கட்டி என் கைகளைப் பார்த்தார். சுண்ணாம்புக் கட்டியைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத கைகள்.

"செரி. ஒரு தபா பாக்கறேன். ஒரே ஒண்ணு கண்ணுல பட்டாலும் அதோட செரி சார். அப்புறம் எந்த வருஷமும் கெடையாது."

அவர் போனதும் தலைமையாசிரியர் கேட்டார்: "நீங்களே சமைப்பீங்களா?"

"ஆமாம் சார்."

வீட்டில் கேட்காமல் சொன்ன பதில் அது. வருஷம் திரும்பி, தை வந்த பிறகுதான் மனைவியிடம் விஷயத்தை எடுத்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நாப்பது பேருக்கா? நீங்கதான சொன்னீங்க, நீங்களே பண்ணுங்க. நான் வேணா பக்கத்துல நின்னுக்கினு சிரிக்கறேன்."

ஆனால் ஐந்து நிமிஷத்தில் அவளே முடிவு செய்துவிட்டாள். குடலை இட்லி. எங்கள் ஊர்க் கோயிலில் செய்கிற மாதிரி, மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையைச் சுற்றிலும் அடுக்கி, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்த மாவை ஊற்றி, இரண்டு மூன்று மணி நேரம் ஆவியில் வேகவைப்பது. இரண்டு நாள் கெடாது. வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது. சட்னி, சாம்பார் என்று எதையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஆறியபின் துண்டு போட்டு அதே மந்தாரை இலையில் மடித்தால் பொட்டலம். தின்றபின் இலையை மாடு தின்னும். இத்தனை யோசனையும் என் மூன்று பத்திகளில் இல்லை என்பதை அவள் சுட்டிக் காட்டவில்லை. சுட்டிக் காட்டாமல் இருப்பதில் அவளுக்கு ஒரு தனி முறை உண்டு.

"ஒண்ணு சொல்லிட்டேன். பொடியப் போட்டுக்கினு மாவு கிட்ட வராதீங்க. நாப்பது புள்ளைங்களும் தும்மிக்கினே ஊரு வந்து சேரும்."

மூக்குப்பொடி என் ஒரே கெட்ட பழக்கம். மற்றவற்றுக்கு வசதி போதவில்லை.

நான்கு குடலை வேண்டியிருந்தது. வீட்டில் இருந்தது இரண்டு. மீதிக்கு நான் பொறுப்பேற்றுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கே பட்டுக்குச் சாயம் போடுகிறவர் இருந்தார். சுவரோரம் குடலைகள் வரிசையாக நின்றன. நல்ல உயரம், நல்ல அகலம். "எடுத்துக்கினு போங்க சார்" என்றார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அவர் அவற்றில் எதைப் போடுவார் என்று நானும் கேட்கவில்லை. காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

"கழுவினீங்களா?" என்றாள் மனைவி.

"ரெண்டு தபா."

உண்மைதான். இரண்டு முறை கழுவினேன். பச்சைத் தண்ணீரில்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மதியம், பாதி மாவை நான் கொண்டுவந்த குடலைகளில் முதலில் ஊற்ற வேண்டும் என்று அடம் பிடித்தேன். என் பங்களிப்புக்கு முன்னுரிமை கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் கழித்து மனைவி குடலையைக் கவிழ்த்தாள். இலைகளைப் பிரித்தாள். பிறகு என்னைக் கூப்பிடாமல் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

இட்லி நல்ல அரக்கு நிறத்தில் இருந்தது. நடுவில் வெள்ளை, ஓரம் சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்கு அரக்கு. இலைச் சந்துகளில் இறங்கிய இடத்தில் கோடு கோடாக ஓடியிருந்தது. சாயத்தில் நனைத்த பட்டு நூலை வடியவிடுகிற குடலை அது. பல வருஷச் சாயம் மூங்கிலுக்குள் ஊறி உட்கார்ந்திருக்கிறது. பச்சைத் தண்ணீருக்கு அசையாதது ஆவி பட்டதும் இறங்கிவிட்டது.

சாயக்காரர் குனிந்து, தொழில்முறையில், கவனமாகப் பார்த்தார்.

"பார்டர் ஒரே அளவா உழுந்திருக்குது சார். நூல்ல இந்தக் கலரு வரவழைக்க நான் இன்னா பாடு படறேன். கல்யாண வீட்டுல பாத்தா வுட மாட்டாங்க."

"இத எங்க கொட்டறது, அதச் சொல்லுங்கண்ணா" என்றாள் மனைவி. "மாட்டுக்கும் வெக்கக் கூடாது."

கொல்லையில் குழி வெட்டினேன். பாதி மாவு பூமிக்குப் போனது. மண்ணைத் தள்ளும்போது துண்டு விரித்த அந்த மேஜைதான் கண்முன் வந்தது. மறுபடி அரைத்துப் புளிக்க வைக்க நேரம் இல்லை. மீதி மாவு இருபது பேருக்குத்தான் வரும். கடைத்தெருவில் பன் இருந்தது. கவரோடு இருந்தது. என் கால் அந்தப் பக்கம் திரும்புவதை மனைவி பார்த்துவிட்டாள்.

"எங்க போறீங்க? ஆளுக்குப் பாதி துண்டு இட்லி. மீதி வயித்துக்குப் பொரிவிளங்கா உருண்டை. ஏந்திரத்துல உக்காருங்க."

பச்சைப்பயறு, அரிசி, கோதுமை மூன்றையும் அவள் வறுத்துக் கொட்டினாள். நான் கல் ஏந்திரத்தைச் சுற்றி மாவாக்கினேன். பொழுது சாயும்வரை சுற்றினேன். வரலாற்றில் எத்தனையோ அடிமைகளைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன், அன்றுதான் பாடம் புரிந்தது. மாவில் சுக்கு, ஏலம், தேங்காய்ப் பல் சேர்த்து, வெல்லப்பாகைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, கை பொறுக்கிற சூட்டில் உருட்ட வேண்டும். அவள் உருட்டியவை உருண்டை. நான் உருட்டியவை அகழ்வாராய்ச்சியில் கிடைக்கக்கூடியவை. ஆனால் இந்தத் தின்பண்டத்தின் பெருமை என்னவென்றால் அதற்கு உறையே வேண்டாம். கல் மாதிரி தன்னைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறது.

மந்தாரை இலை நிறைய மீந்திருந்தது. ஆளுக்கு அரைத் துண்டு இட்லி, இரண்டு உருண்டை என்று நாற்பது பொட்டலம் மடித்தோம். கட்டத்தான் நார் போதவில்லை. சாயக்காரர் தன் பங்குக் குற்றத்துக்கு ஈடாக, சாயம் காணாத வெள்ளைப் பட்டுநூல் அறுந்த துணுக்குகளை ஒரு பிடி கொண்டுவந்தார்.

"இது இறங்காது சார். தைரியமா கட்டுங்க."

இட்லியைப் பட்டில் கட்டிய ஊர் உலகத்தில் வேறு இருக்காது.

மறுநாள் ஏரிக்கரையில் நீர்க்கட்டி மண்வெட்டியோடு காத்திருந்தார். பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்துக் கத்தி முடித்து, பொட்டலத்தைப் பிரித்துத் தின்றார்கள். பட்டுநூலை ஒருவரும் கீழே போடவில்லை. நெசவு வீட்டுப் பிள்ளைகள் பட்டைக் கீழே போடமாட்டார்கள். ஆளுக்கொரு கையில் கங்கணமாகச் சுற்றிக்கொண்டார்கள். இலைகளைக் கரையோரம் மேய்ந்த மாடுகள் வாங்கிக்கொண்டன. உருண்டை மட்டும் வாயில் அதக்கியபடியே இருந்ததால் அன்று நாற்பது பிள்ளைகள் அரைமணி நேரம் பேசவில்லை. தலைமையாசிரியர் அதற்காகவே எனக்கு இரண்டு முறை கைகொடுத்தார்.

நீர்க்கட்டி கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். மதகில் குனிந்து பார்த்தார். திரும்பி வந்தார். நான் நெற்றியைத் துடைக்கக் கைக்குட்டையை உருவினேன். கூடவே பழுப்பாக ஏதோ ஒன்று பையிலிருந்து வழுக்கி அவர் காலடியில் விழுந்தது. பொட்டலம்.

பிள்ளைகள் வாயிலிருந்த உருண்டையைச் சப்புவதை நிறுத்தினார்கள். தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

நீர்க்கட்டி குனிந்து எடுத்தார். புரட்டிப் பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். காய்ந்த வாழைப்பட்டை. அந்நாளில் மூக்குப்பொடியை அதில்தான் மடித்துக் கொடுப்பார்கள். அவர் பிரித்தார், ஒரு சிட்டிகை எடுத்தார், இழுத்தார், ஏரி அதிரத் தும்மினார். மீதிப் பொடி காற்றோடு போனது. வெறும் பட்டையைப் பக்கத்தில் நின்ற மாட்டிடம் நீட்டினார். அது மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"சுத்தம்தான் சார்" என்றார். "அடுத்த வருசமும் இட்டுக்கினு வாங்க. எனக்கும் ஒரு பொட்டலம் சேத்து கட்டச் சொல்லுங்க வூட்டுல."

அதற்குப் பிறகு நான் அந்தப் பள்ளியில் இருந்தவரை எல்லாத் தையிலும் தென்னேரிக்குப் போனோம், நாற்பத்தொரு பொட்டலத்தோடு.