ஒரே மூச்சில் படிக்க வேண்டிய கடிகாரம்

என் நண்பனின் பெயரை எடுத்தது நான்தான். அவனும் நானும் உயிரோடு இருக்கும்போதே இதை எழுதிவிட வேண்டும். ஒருவர் போனபின் எழுதினால் அது இரங்கல் ஆகிவிடும். நான் செய்ததற்கு இரங்கல் பொருந்தாது.

கணினிக்கு மின்சாரம் போனாலும் அதற்குள் ஒரு சிறு சில்லு மட்டும் பொத்தான் அளவு பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும். மறுபடி கணினி விழித்ததும், இயங்குதளத்தின் கருவான கெர்னல் அந்தச் சில்லிடம்தான் மணி கேட்கும். கேட்டு வாங்கித் தருகிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். நாங்கள் இருவரும் அப்படி ஒரு டிரைவரைப் பராமரித்தோம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும் கெர்னல் அது. எங்களுக்குச் சம்பளம் கிடையாது. எந்த டிரைவருக்கு யார் பொறுப்பு என்று கெர்னலோடு சேர்ந்தே ஒரு கோப்பு வரும். எங்கள் டிரைவருக்கு நேரே இரண்டு பெயர்கள் இருந்தன. மேலே அவன், கீழே நான்.

கீழே இருந்ததில் அநியாயம் ஒன்றும் இல்லை. நாங்கள் வேலை பார்த்த கம்பெனி பால் அளக்கும் கருவிகளைச் செய்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பால் மையம் ஒன்றில், கரண்டு போய் வந்த காலைகளில் சீட்டில் கன்னாபின்னாவென்று நேரம் அச்சாகியது. காலைப் பால் மாலைப் பாலாகிச் சண்டை வந்தது. அவன் டவுன் பஸ் பிடித்துப் போய், பால் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து கோளாறைக் கண்டுபிடித்தான். வீட்டுக்கு வந்து புது டிரைவரே எழுதிவிட்டான். அதைக் கெர்னலுக்கு அனுப்பியபோது கூடப் போன ஆங்கிலக் கடிதத்தைத் திருத்திக் கொடுத்தது நான். என் பங்கு அவ்வளவுதான்.

அவன் அந்த உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். தகப்பனுக்குச் சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர். நான் கோயிலைச் சுற்றிய தெருவொன்றில் வாத்தியார் வீட்டில் பிறந்தவன். கோப்பில் அவன் தன் பெயரோடு தகப்பன் பெயரையும் முழுதாகப் போட்டான். டிரைவர் ஏற்கப்பட்ட அன்று அந்த வரியை அச்செடுத்து, காளவாசலில் ஒரு கடையில் லேமினேட் போட்டு, ஆனையூரில் இருந்த தன் வீட்டில் நாள்காட்டிக்கு அடியில் மாட்டினான்.

"எங்கப்பன் பேரைக் காட்டுக்காரன் வீட்டுல யாரும் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல மாப்ள. ஏலேன்னுதான் கூப்பிடுவாங்க. இப்ப ஊரு ஒலகத்துல இருக்க மிசினுக்குள்ள எல்லாம் இருக்கு பாரு," என்றான்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முழுச் சிரிப்பு இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகு அவனுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு பிழைத்துக்கொண்டது, வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவான். வெளிநாட்டுப் பொறியாளர்கள் அனுப்பும் திருத்தங்களுக்கு, எங்கள் மொழியில் பேட்ச்களுக்கு, பதில் எழுத நாள் கணக்கில் ஆனது. நான் உடனே பதில் எழுதுவேன். அவர்களோ பணிவாக, "அவரும் பார்த்துவிடட்டும்" என்பார்கள். அந்தப் பணிவு என்னைத் தின்றது.

ஒருநாள் அவன் வீட்டுக்குப் போனேன். "மாப்ள, நீ உடம்பப் பாரு. பேர எடுத்துரலாமா? நான் பாத்துக்கிறேன்," என்றேன்.

"என் பேர எடுத்துட்டு யாரு பேர மேல போடுவ? உன் பேரையா?" சோபாவில் சாய்ந்தபடி வாயைக் கோணிக்கொண்டு சிரித்தான். "நீ இங்கிலீசு திருத்துற ஆளுல்ல."

அடுப்படியில் இருந்து அவன் மனைவியும் சிரித்தாள். "அண்ணே, நீங்க கோவிச்சுக்காதீங்க. அவருக்குக் கைதான் வரல, வாயி நல்லாத்தான் வருது."

"சும்மா சொன்னேன் மாப்ள. காப்பியக் குடி, ஆறுது," என்றான்.

குடித்தேன். வீடு திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஓடுகிற கடிகாரத்தை ஒரே மூச்சில் படிக்க வேண்டும். இது அவன் எனக்குச் சொன்ன முதல் விதி. சில்லுக்குள் மணி ஓர் அறையிலும் நிமிடம் இன்னோர் அறையிலும் இருக்கும். மணியைப் பத்து என்று படித்துவிட்டு நிமிடத்துக்குப் போவதற்குள் பதினொன்று அடித்துவிட்டால், மணி பத்து, நிமிடம் பூஜ்யம் என்று கிடைக்கும். ஒரு முழு மணி நேரம் பின்னால் போய்விடும். அதனால் எல்லா அறைகளையும் இடைவெளியில்லாமல் ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும். இதை நிரலுக்குள்ளேயே குறிப்பாகவும் எழுதியிருந்தான். பால் மையத்தில் அவன் கண்டுபிடித்த கோளாறுகளில் இதுவும் ஒன்று.

நான் ஒரு பேட்ச் எழுதினேன். சில்லறைச் சுத்தம் செய்கிறேன் என்று தலைப்பிட்டேன். யாரையும் பாதிக்காத மாற்றங்களுக்கு நடுவே, ஒரே தடவைப் படிப்பை இரண்டாக உடைத்தேன். தெரிந்தே உடைத்தேன். அவன் அதைப் பிடித்திருந்தால், "கை தவறிவிட்டது" என்று சொல்லியிருப்பேன். எனக்கு நட்டமில்லை.

அன்று சாயங்காலமே அவன் பதில் வந்தது. எங்கள் வழக்கப்படி, ஒரு பேட்சைப் படித்துச் சரி என்று கண்டவர் தன் பெயரோடு ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியை எழுதியிருந்தான். தன் பெயரும் தகப்பன் பெயருமாக.

மறுநாள், யாரும் படிக்கக்கூடிய கெர்னல் குழுவின் பொது முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். என் ஆங்கிலம் அன்று நன்றாக இருந்தது. பேட்ச் ஒரு சோதனை, அதைச் சேர்க்க வேண்டாம் என்றும், முதல் பராமரிப்பாளர் தான் வகுத்த விதியே மீறப்பட்டதைக் கவனிக்கவில்லை என்றும், அவர் உடல்நிலைக்கு நம் அனுதாபங்கள் என்றும் எழுதினேன். "ஆனால் டிரைவர் என்பது மருத்துவமனைப் படுக்கை அல்ல" என்று முடித்தேன். அந்த வாக்கியத்தை இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றிச் செதுக்கினேன். அடியில் அவன் பெயரை நீக்கும் பேட்சை இணைத்தேன்.

ஒருவர் என்னைக் கண்டித்தார். கண்டிக்கட்டும், அவன் தவறவிட்டது தவறவிட்டதுதானே, பெயர் போட்டது போட்டதுதானே. எங்களுக்கு மேலே இருப்பவர், பேட்ச்களைக் கெர்னலில் சேர்ப்பவர், அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். சில வாரம் காத்திருந்தார். அவன் ஒன்றும் எழுதவில்லை. பெயர் நீக்கும் பேட்ச் ஏற்கப்பட்டது.

விலகிப் போகிறவரின் பெயரை நன்றிக்கான இன்னொரு கோப்புக்கு மாற்றுவது வழக்கம். நான் அதைச் செய்யவில்லை. மறந்துவிட்டதாகச் சொன்னால் நம்பிவிடுவார்கள். மறக்கவில்லை.

பிறகு ஆனையூருக்குப் போனேன். எதற்குப் போனேன் என்றால், அவன் என்னை வழக்கம்போல மாப்ள என்று கூப்பிடுவதைக் கேட்க. கூப்பிட்டான். அவன் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வாங்கண்ணே என்று சொல்லவில்லை.

"அந்தப் பேட்ச ஏன் நீ படிக்கல?" என்றேன். தப்பு அவன் பக்கம் என்று இன்னும் ஒருமுறை நிரூபிக்க வேண்டியிருந்தது எனக்கு.

"நீ அனுப்புனத நான் எதுக்குப் படிக்கணும்?"

இடது கையைத் தூக்கிக் காட்டினான்.

"உன் பேட்ச நான் தாமசம் பண்ணா, மத்தவன் முன்னால உனக்கு மருவாத இல்லாமப் போயிரும்னு நெனச்சேன். அதான் பாத்த ஒடனே போட்டேன். அந்த ஒத்த வரிய இந்தக் கையால அடிக்க எம்புட்டு நேரமாச்சுன்னு இவகிட்டக் கேளு."

அவள் கணவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினாள். "வீட்டுக்கு வந்து கண்டிப்பா எடுத்துருய்யான்னு சொல்லியிருந்தா அவரே எடுத்திருப்பாருண்ணே. சண்டையாவது போட்டிருக்கலாம். ஒலகம் பூரா படிக்கிற எடத்துல போய், படுக்க அது இதுன்னு எழுதணுமா? எங்க மக படிச்சுட்டு அழுதுச்சு."

நாள்காட்டிக்கு அடியில் அந்த லேமினேட் அட்டை அப்படியே தொங்கியது. என் கண் அங்கே போனதை அவன் கவனித்தான்.

"அது பழைய வெர்சன் மாப்ள," என்றான். "அதுல இருக்கும். அத உன்னால எடுக்க முடியாது."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பாடம் சொல்வதுபோலச் சொன்னான். அது உண்மையும்கூட. வெளியான கெர்னலை யாரும் திரும்பப் போய் மாற்ற முடியாது. அதேபோல என் மின்னஞ்சலும் குழுவின் சேமிப்பில் அப்படியே இருக்கிறது. அதையும் யாராலும் எடுக்க முடியாது. அழிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன், வழக்கமில்லை என்றார்கள்.

போன மழைக்காலத்தில் அந்த நன்றிக் கோப்புக்கு ஒரு பேட்ச் எழுதினேன். டிரைவரை முதலில் எழுதியவன், பல ஆண்டுகள் காத்தவன் என்று, தகப்பன் பெயரையும் சேர்த்து. பொறி வைத்தது நான் என்றும், குறை அவனிடம் இல்லை என்றும் கடிதத்தில் எழுதினேன். ஆங்கிலத்தைச் செதுக்கவில்லை. உயிரோடிருப்பவர் பெயரைச் சேர்க்க அவர் சம்மதம் வேண்டும். அவனுக்கும் ஒரு நகல் போட்டேன்.

நாள் கணக்கில் காத்திருந்தேன். அவனுடைய பதிலுக்காக நான் பொறுமையாகக் காத்திருந்தது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் குழுவில் ஒரு பேட்சை ஏற்க மாட்டேன் என்று சொல்ல மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. காரணம் எழுதுவது மரியாதை, கட்டாயமில்லை. அவன் பதிலில் அந்தச் சொல் மட்டும் இருந்தது. கீழே பெயரும் இல்லை.

மேலே இருப்பவர் பேட்சைக் கைவிட்டார். கோப்பில் எங்கள் டிரைவருக்கு நேரே இப்போது ஒரே பெயர்தான். யாராவது கேள்வி அனுப்பினால் உடனே பதில் எழுதிவிடுகிறேன்.