காயலுக்கு எழுதிக் கொடுத்த கண்டம்

1. சேச்சி படியேறி வந்த நாள்

நிலக் கணக்கு எழுதும் வேலையில் நான் சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ஒரு பெண்மணி என்னைத் தேடி கொச்சி மட்டாஞ்சேரி ஆபீசுக்கே வந்து சண்டை போட்டார். ஐம்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. கீழே மூட்டை இறக்கினால் மேலே எல்லோரும் தும்முவோம். அன்றும் தும்மிக்கொண்டுதான் இருந்தேன்.

"காதர் சார் ஆரு?"

"நான்தான்."

"என்டெ கண்டத்தை ஆருக்கு எழுதிக் கொடுத்தீங்க?"

கண்டம் என்றால் அந்தப் பக்கத்தில் வயல். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "யார் வயலையும் யாருக்கும் நான் எழுதிக் கொடுக்கலையே, சேச்சி."

"காயலுக்கு எழுதிக் கொடுத்திருக்கீங்க! வில்லேஜ் ஆபீஸில் இப்போதான் பார்த்திட்டு வாறேன்."

த்ரேஸ்யா சேச்சிக்கு நாற்பது வயதிருக்கும். பள்ளுருத்திக்குத் தெற்கே காயலின் உப்புத் தண்ணீர் ஓரத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு வயல். பல வருடம் இஞ்சி காயவைக்கும் முற்றத்தில் எங்கள் ராவுத்தர் வீட்டுப் பெண்களோடு வேலை பார்த்ததால் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். கோபம் வந்தால் இரண்டும் ஒன்றாக வரும்.

ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான். அழகான கையெழுத்து, அதில் எனக்குக் கர்வம் உண்டு. அவருடைய சர்வே நம்பருக்கு நேரே, நெல் என்ற கட்டத்தில் கோடு. நீர்நிலை என்ற கட்டத்தில் டிக்.

அதனால் அவருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன். அவர் சொன்னதும் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் வயலின் மேற்குக் கரை உடைந்திருந்தது. கரை கட்டிக் கொடுக்க சர்க்கார் ஒரு திட்டம் போட்டிருந்தது, ஆனால் நெல் நிலத்துக்கு மட்டும். பட்டியல் விஷு முடிந்த வாரம் மேலே போகிறது. வைகாசி நடுவில் பிடிக்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் கரை எழும்பாவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளேயே நிற்கும், விதைக்க முடியாது. ஒரு வருடத்து நெல் போய்விடும்.

"மழை உங்க ரிஜிஸ்டரைப் பார்த்திட்டா வரும், சாரே?" என்றார்.

2. நான் செய்த காரியம்

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பாலக்காட்டுக்காரன். எங்கள் ஊரில் வயலில் தண்ணீர் நின்றால் கணுக்கால் வரை நிற்கும். தை மாதம் வள்ளத்தில் போய் அந்தப் பகுதியைக் கணக்கெடுத்தபோது, கண்ணுக்கு எட்டிய தூரம் இடுப்பளவுத் தண்ணீர். நடுவில் மூங்கில் கம்புகள், கம்பின்மேல் நீர்க்காக்கைகள். தூம்பு என்ற மடை வாயில் வலை கட்டி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இது வயலா என்று யாரையும் கேட்கத் தோன்றவில்லை. வள்ளத்தை விட்டு இறங்காமலே நீர்நிலை, நீர்நிலை என்று டிக் அடித்துக்கொண்டே வந்தேன். பகல் சாப்பாட்டுக்கு ஆபீஸ் திரும்பியதும், இத்தனை சீக்கிரம் முடித்துவிட்டேனே என்று பெருமைவேறு.

சேச்சி சொல்லித்தான் விஷயம் புரிந்தது. அங்கே ஒரே நிலம் மழைக்காலத்தில் வயல். மழை, உப்பைக் கழுவித் தள்ளியதும் பொக்காளி என்ற நெல்லை விதைக்கிறார்கள். அறுவடையில் கதிரை மட்டும் கிள்ளிக்கொண்டு தாளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிறகு தூம்பைத் திறந்தால் காயல் உள்ளே வருகிறது, கூடவே இறால் குஞ்சும் வருகிறது. அழுகின தாளைத் தின்று இறால் வளர்கிறது. விஷு வரைக்கும் அதற்குப் பெயர் கெட்டு. இறால் போட்ட எருவில் அடுத்த நெல். உரம் என்று தனியாக ஒன்றும் வைப்பதில்லை. கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

3. மேலதிகாரியும் சேறும்

திருத்தத்துக்கு மேலதிகாரி கையெழுத்து வேண்டும். சங்கரய்யரும் பாலக்காட்டுக்காரர்தான், கல்பாத்தி. நேர்மையான மனுஷர், ஆனால் பிடிவாதம் அதிகம். சேச்சி நெல் வயலுக்குக் கட்டிய வரி ரசீதை நீட்டினார்.

"ரசீது பழைய கதை அம்மா. காயல் தின்ன நிலத்துக்கும் ரசீது இருக்கு. இன்னிக்கு அங்கே என்ன இருக்குன்னுதான் நம்ம கணக்கு." என் பக்கம் திரும்பினார். "ஓய் காதர், நெல்லைக் காட்டும். ஒப்புப் போடறேன்."

பங்குனி மாதத்தில் நெல்லுக்கு நான் எங்கே போவேன்? சேச்சி கொஞ்சமும் அசரவில்லை. "விஷு கழிஞ்ச மறுநாள் வாங்க சாரே. காட்டித் தாறேன்."

நாங்கள் வள்ளத்தில் போய் இறங்கியபோது அங்கே திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. கெட்டுக் காலம் முடிந்ததும் தூம்பைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுவார்கள். அதன்பின் சேற்றில் மிச்சமிருக்கும் மீன் ஊருக்குச் சொந்தம். யாரும் இறங்கலாம், கையில் அகப்பட்டது அவரவருக்கு. நிலத்துக்காரர் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. கிழவிகள், குழந்தை குட்டிகள், சர்ச்சில் மணி அடிப்பவர் எல்லோரும் முழங்கால் சேற்றில். யார் யாரென்றே தெரியவில்லை, கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன.

சங்கரய்யர் குடையோடு கரையில் நின்றார். "நெல் எங்கேம்மா?"

"காலுக்கடியில். இறங்கிப் பாருங்க."

"நானா?"

"மீன் கடிக்காது சாரே."

எல்லோரும் வேலையை விட்டுவிட்டு இவரையே பார்த்தார்கள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. குடையை என்னிடம் கொடுத்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், இறங்கினார். இரண்டடி வைத்ததும் முழங்கால் வரை புதைந்தார். மூன்றாவது அடியில் நின்றுவிட்டார். முகம் மாறியது.

காலால் துழாவினார். குனிந்து தோள் வரைக்கும் கையை விட்டு ஒரு வேர்க்கட்டையைப் பிடுங்கி எடுத்தார். கறுத்துப் போயிருந்தது. மேலே அழுகின தாள், கீழே கொத்து வேர். சேற்றை வழித்துவிட்டு மோந்து பார்த்தார். நடவும் அறுப்பும் நடக்கிற வீட்டில் பிறந்தவருக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

"கோரை இல்லைடா காதர். நெல்லுதான். அடேயப்பா, எத்தனை தண்டி தாள்!"

ஓய் போய் டா வந்துவிட்டது. இன்னும் இரண்டடி போய் இன்னொன்று பிடுங்கினார். அப்புறம் இன்னொன்று. அந்த நேரம் ஒரு கரிமீன் துள்ளி அவர் மடியில் விழுந்தது. ஊரே கூச்சல் போட்டது.

"சார் பிடிச்சது சாருக்கு!"

"அய்யய்யோ, நேக்கு வேண்டாம். காதர் எடுத்துப்பான்!" என்று கத்தியபடியே அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. சேற்றுக் கையோடு வள்ளத்திலேயே உட்கார்ந்து திருத்தத்தில் ஒப்புப் போட்டார். அந்தப் பக்கத்தில் அவர் கட்டைவிரல் அச்சு பதிந்துவிட்டது. கரிமீன் என் வீட்டுக்கு வந்தது.

4. மேலிருந்து வந்த கடிதம்

மழைக்கு இரண்டு நாள் முன்னால் சேச்சியின் கரை எழுந்துவிட்டது. ஆனால் நான் டிக் அடித்தது அவர் வயலை மட்டுமா? அந்தக் கரை நெடுகிலும் அடித்திருந்தேனே. புரட்டாசியில் மறுபடி ஒரு சுற்றுப் போக அனுமதி கேட்டேன். சங்கரய்யர் தானும் வருவதாகச் சொன்னார்.

இந்தத் தடவை வள்ளத்திலிருந்து தண்ணீரே தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நெல். கதிர் சாய்ந்து வள்ளத்துக்குள்ளேயே வந்தது. எங்கேயோ பயிருக்குள்ளிருந்து சேச்சியின் குரல் மட்டும் கேட்டது: "சாரே, இப்போ எழுதுங்க!" ஒவ்வொரு வயலிலும் இறங்கினேன், ஒவ்வொரு டிக்கையும் மாற்றி எழுதினேன். அத்தனை சந்தோஷமாக என் தப்புகளை நான் வேறெப்போதும் அடித்ததில்லை.

வருடக் கணக்கு மேலே போனது. சில மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. உங்கள் பகுதியில் சாகுபடி நிலம் சென்ற வருடத்தைவிடக் கூடியிருக்கிறது. எந்தக் காயல் நிரப்பப்பட்டது, யார் நிரப்பினார்கள், விவரம் தருக.

பதிலை என்னையே எழுதச் சொன்னார் சங்கரய்யர். எழுதினேன்: "காயல் எதுவும் நிரப்பப்படவில்லை. சென்ற வருடம் தை மாதத்தில் மட்டும் போனோம். இந்த வருடம் புரட்டாசியிலும் போனோம்." அவர் படித்துவிட்டு ஒரு எழுத்துகூட மாற்றாமல் அனுப்பினார்.

இந்த வேலைக்கு இன்று வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. நாட்டில் விளைநிலம் ஏறியது, இறங்கியது என்று கோடு போட்டுக் காட்டுவார்கள். நிஜமாகவே நிலம் போன இடங்கள் உண்டு, அதை நானே கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறேன். ஆனால் எந்தக் கோட்டையும் நம்புவதற்கு முன்னால், கணக்கெடுத்தவன் எந்த மாதம் போனான் என்று கேளுங்கள். ஒரு வருடம் எங்கள் பகுதியில் அந்தக் கோடு ஏறியதற்கு, நான் தை மாதம் சீக்கிரம் வேலை முடித்துச் சாப்பிடப் போனதுதான் காரணம்.