சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

தண்ணீர் காய்ச்சுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பத்து வயதில் நினைத்திருந்தேன்.

திருவனந்தபுரத்தில் எங்கள் லைன் வீடுகளுக்கு ஒரே பொதுக்குழாய். போர்வெல் தண்ணீர். ஒரு நாள் குழாய்க்கு மேலே மலையாளத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தண்ணீரில் பேரியம் இருக்கிறது, குடிக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டு அக்கா வாசித்துச் சொன்னாள்.

"பேரியம்னா என்னவாக்கும்?" என்றாள் அம்மா.

"ஆருக்குத் தெரியும் சேச்சி? மஞ்சக்காமாலை மாதிரி என்னமோ."

"எந்த எளவா இருந்தாலும் காய்ச்சுனா சாவும்."

அங்கே எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். பதிமுகம் என்ற மரச்சீவலைப் போட்டுச் சிவக்கக் கொதிக்கவைத்துத்தான் குடிப்போம். மழைக்காலத்தில் சுகாதார ஆட்களும் அதையே சொல்லிவிட்டுப் போவார்கள்.

லாரியில் வேறு தண்ணீர் வந்தது. நாங்கள் அதைக் குடித்தோம். சித்திக்கு அது ஆகவில்லை. அம்மாவின் தங்கை. முந்தி ஒன்று கலைந்து, ஆறு வருடம் கழித்து வயிற்றில் நின்ற பிள்ளை. ஏழு மாதம். பிரசவத்துக்கு எங்கள் வீட்டில் இருந்தாள். லாரித் தண்ணீரின் பிளீச்சிங் வாடைக்கே வாந்தி எடுத்தாள். அதனால் அவளுக்கு மட்டும் குழாய்த் தண்ணீர்.

அம்மா வேலைக்குப் போகும்போது சொல்வாள். "ஏட்டி, பானை பாதியா வத்தணும், கேட்டியா. அதுக்கு முந்தி எறக்கப்படாது."

நான் பாதியில் நிறுத்தவில்லை. சித்தி என்றால் எனக்கு உயிர். கால் பானை ஆகும்வரை அடுப்பை விட்டு நகரமாட்டேன்.

"மக்ளே, இது வெள்ளமா, கஷாயமா?" என்று சித்தி சிரிப்பாள். மிச்சம் வைக்காமல் குடித்துவிடுவாள்.

இருபது நாள் போயிருக்கும். சித்திக்குக் கால் தளர்ந்தது. வாயைச் சுற்றி மரத்துப்போகிறது என்றாள். அம்மா இன்னொரு தம்ளர் கொடுத்தாள். மறுநாள் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு. பிரஷர் ஏறிக் கிடந்தது. உடனே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். சித்தப்பா விழிஞ்ஞம் துறைமுக வேலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஓடிவந்தார்.

நர்ஸ் அவரையும் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டாள். நான் பெஞ்சில் இருந்தேன். உள்ளே சொன்னது எனக்குப் பெரியவளான பிறகுதான் தெரியும். கொதித்தால் கிருமி சாகும். பேரியம் கிருமியில்லை, உலோகம்; கொதித்தாலும் போகாது. தண்ணீர்தான் வற்றும். வற்ற வற்ற மிச்சத்தில் அது கூடும்.

அம்மாவுக்குப் பின்னால் சித்தப்பா வெளியே வந்தார். முகம் சரியில்லை.

"மைனி, ஆரு காய்ச்சுனது?"

நான் எழுந்தேன். சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் அழுத்திக் கிள்ளினாள்.

"நாந்தான்" என்றாள்.

அவர் திரும்பி நடந்தார்.

சித்தியும் பிள்ளையும் பிழைத்தார்கள். எல்லாம் தண்ணீரால்தான் என்று டாக்டர் அறுதியாகச் சொல்லவில்லை. சித்தப்பா அதன்பின் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. காய்ச்சியது யார் என்று தெரிந்த சித்தியும் வாயைத் திறக்கவில்லை.

அன்று திரும்பும் பஸ்ஸில் நான் அம்மாவோடு பேசவில்லை. அடுப்படியில் வெந்தது நான், பேரை அவள் எடுத்துக்கொண்டாள் என்று கோபம். கிள்ளிய இடத்தை அம்மா தடவிக்கொண்டே வந்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன்.