மிச்சிகோ சப்பாத்தைக் கழற்றிய நேரம்

வத்சலா பொல்லாதவள். ரெய்னர்ஸ் லேனில் எந்தத் தமிழ் வீட்டில் விசாரித்தாலும் இதைத்தான் சொல்வார்கள். அவள் அப்படிப் பிறக்கவில்லை. ஊர்ப் புதினம் காவும் கலாவதி அன்ரியின் வாய்தான் அவளை அப்படி ஆக்கியது.

நாலு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில், அக்கா சிவகௌரி பஸ் தரிப்பில் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெடியனின் குடைக்குள் ஒதுங்கினாள். எதிர்ப்பக்கத்தில் கலாவதி நின்றிருந்தார். அக்கா வீடு வந்து சேருமுன்னே தொலைபேசி வந்து சேர்ந்துவிட்டது. அப்பா பத்மநாதன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த தவணைக்கு அக்கா கல்லூரிக்குப் போகவில்லை. வைகாசியில் தோர்ண்டன் ஹீத் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டினாள். மருந்தாளராக வரவேண்டும் என்று இரவு பகலாகப் படித்தவள், இப்போது ஒரு பாண் பேக்கரியில் ஷிப்டுக்குப் போகிறாள். அக்கா எல்லாவற்றையும் மறந்துவிட்டதாகச் சொல்வாள். வத்சலா மறக்கவில்லை. என்றைக்காவது அன்ரி கையில் அகப்படாமலா போவா என்று கறுவிக்கொண்டே இருந்தாள்.

அந்த நாள் 1993 பங்குனியில், ஒரு சனிக்கிழமை வந்தது. அப்போது வத்சலா பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி இரண்டாம் வருடம். செப்டம்பரில் பரிமாற்ற மாணவியாக ஒரு வருடம் கோபே நகரத்துக்குப் போக அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அதற்கான விண்ணப்பப் பாரத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டும். இரண்டு கிழமையாக அது டிவிக்கு மேலே கிடக்கிறது. கேட்டால், "யோசிப்பம்" என்பார்.

கோபேயிலிருந்து இங்கே வந்திருந்த பரிமாற்ற மாணவிதான் மிச்சிகோ. கரப்பந்தாட்டக்காரி. நெடுநெடுவென்ற உயரம், ஒட்ட வெட்டிய தலைமயிர், முழங்கால் வரை கறுப்புக் கோட், தலையில் ஒரு தொப்பி. இருவரும் சனிக்கிழமைகளில் ஊர் சுற்ற வேண்டும், மத்தியானம் வரை ஆங்கிலம், பிறகு ஜப்பானிய மொழி மட்டும். இது ஆசிரியரின் கட்டளை. "நாளைக்கு யப்பான்காரப் பெட்டை ஒருத்தியோட கிரீனிச்சுக்குப் போறன்" என்று வெள்ளிக்கிழமையே வத்சலா வீட்டில் சொல்லியிருந்தாள்.

ஸ்டேஷன் வாசலில் டிக்கெட் பார்ப்பவர் மிச்சிகோவுக்கு, "மோர்னிங், சார்" என்றார். மிச்சிகோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு இது பழகிப்போன சங்கதி. வத்சலாவும் சிரித்தபடி திரும்பினால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் மரக்கறிக் கடை வாசலில் கலாவதி. கையில் முருங்கைக்காய்க் கட்டு, முகத்தில் அதே பழைய பார்வை.

கையை ஆட்டி, "அன்ரி, இது மிச்சிகோ" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. முதுகைக் காட்டி நின்ற மிச்சிகோவின் கையோடு கை கோத்து, அவள் தோளில் தலையையும் சாய்த்தாள். டிவிக்கு மேலே கிடக்கும் பாரம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

படகில் கிரீனிச்சுக்குப் போனார்கள். மத்தியானம் தாண்டியதும் மொழி மாறியது. தமிழில் நினைத்து அப்படியே சொன்னால் பாதி சரியாக வந்தது. ஆங்கிலத்தில் நினைத்தால்தான் உளறியது. புல்தரையில் இருந்து சாப்பிடும்போது வத்சலா அக்காவின் கதையைச் சொல்ல முயன்றாள். குடைக்கு 'காசா', மழைக்கு 'அமே' என்று தெரிந்திருந்தது. பழிவாங்குவதற்குத் தெரியவில்லை. சட்டைப்பை அகராதியில் தேடி விரலை வைத்துக் காட்டினாள். மிச்சிகோ அதைப் படித்துவிட்டு, "உன் அப்பா ஏன் அக்காவிடம் கேட்கவில்லை?" என்றாள். வத்சலா அகராதியை மூடினாள். இதற்கு அகராதியும் உதவாது.

"சரி, நான் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டாள் மிச்சிகோ.

"ஒன்றுமில்லை. என்னோடு வீட்டுக்கு வா. எங்கள் வீட்டிலும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். கொஞ்சம் ஆறுதலாக, மெல்ல மெல்லக் கழற்று."

மிச்சிகோவின் சப்பாத்து கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும். லேஸ் மட்டும் ஒரு முழத்துக்கு மேல்.

ஐந்து மணிக்கு, மிச்சிகோ வாசல் நடையில் சப்பாத்து லேஸை அவிழ்க்க, வத்சலா கூடத்துக்குள் தனியாக நுழைந்து, முன்கதவுக்கும் கூடத்துக்கும் இடையிலிருந்த கதவைச் சாத்தினாள். எதிர்பார்த்ததற்கு மேலாகவே சபை கூடியிருந்தது. அப்பா, அழுது வீங்கிய முகத்தோடு அம்மா, சோபாவில் தேத்தண்ணியோடு கலாவதி. தோர்ண்டன் ஹீத்திலிருந்து அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் மடியில் பிள்ளையோடு மூலையில் இருந்தாள்.

"ஆரோட போனனி?" என்றார் அப்பா.

"நேற்றே சொன்னனான் அப்பா. யப்பான்காரப் பெட்டையோட."

"பொய் சொல்லாதை!"

வத்சலா சோபாப் பக்கம் திரும்பினாள். "அன்ரி, நீங்கள் கண்டதை எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

"எனக்கேன் பிள்ளை வில்லங்கம்? உன்ர நன்மைக்குத்தான் சொன்னனான்" என்று கலாவதி தொடங்கினார். தொடங்கினால் நிற்கவா போகிறார்? "நல்ல நெட்டையன், அண்ணை. அரும்பு மீசை. கையில சிகரெட். இவள் அவன்ர தோளில சாஞ்சுகொண்டு நிக்கிறாள்."

"மீசையைக் கண்டனீங்களோ?"

"என்ர பிள்ளையள் மேல சத்தியமாக் கண்டனான்!"

அப்பா எழுந்தார். டிவிக்கு மேலே கிடந்த பாரத்தை எடுத்து இரண்டாகக் கிழித்துப் போட்டார். வத்சலா இதை எதிர்பார்க்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டாவது சப்பாத்து தரையில் விழும் சத்தம் கேட்டது.

மிச்சிகோ உள்ளே வந்தாள். தொப்பியையும் கோட்டையும் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். உள்ளே பூப்போட்ட சட்டை, காதில் சின்ன முத்துத்தோடு. ரயிலில் பாடமாக்கியபடி கைகூப்பி, "வணக்கம். நான் மிச்சிகோ. கோபேப் பெண்" என்றாள்.

அம்மா மிச்சிகோவின் மேலுதட்டை உற்றுப் பார்த்தார்.

கலாவதி கோப்பையைக் கீழே வைத்தார். "தூரத்தில... வடிவாத் தெரியேல்லை, அண்ணை."

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் வத்சலா நாலு வருடம் காத்திருந்தாள்.

"அக்காவையும் அதே தூரத்தில நிண்டுதானே, அன்ரி, பாத்தனீங்கள்?"

கலாவதி கைப்பையைத் தேடி எடுத்துக்கொண்டு போனார். கதவடியில் மிச்சிகோவின் சப்பாத்து தடக்கி விழப்பார்த்தார். யாரும் கைகொடுக்கவில்லை. வத்சலாவுக்கு அது இனித்தது. இல்லையென்று சொன்னால் பொய். அன்ரியை விரட்டியதோடு மனம் ஆறவில்லை. அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கேட்கட்டும், இப்பவாவது கேட்கட்டும்.

அப்பா மூலைப்பக்கம் திரும்பினார். "பிள்ளை... அண்டைக்கு..."

அக்கா குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு சொன்னாள்: "மழை பெஞ்சது, அப்பா. அவ்வளவுதான்."

அப்பா குனிந்து கிழிந்த பாரத்தைப் பொறுக்கினார். செலோடேப் வைத்து ஒட்டி, கையெழுத்தைப் போட்டு, வத்சலாவிடம் நீட்டினார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். அவளுக்கு ஒட்டிக் கொடுக்க அவர் கையில் ஒன்றும் இருக்கவில்லை.