நசீம் பானு சேர்த்த எடைக்கணக்கு

பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருந்த அப்துல் முத்தலிப்பின் மனைவி நசீம் பானு கணிதத்தில் எம்.எஸ்ஸி. படித்தவள். நகரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் வேலை. எழுபத்து நான்கில் அவள் எழுதியிருந்த நிரல், பல மாறிகள் கொண்ட பல்லுறுப்புக்கோவைகளைக் கூட்டும், பெருக்கும், எந்த உறுப்பின் அடுக்கு பெரிது என்று பார்த்துப் படி எவ்வளவென்றும் சொல்லும். ஆனால் எல்லா மாறிகளையும் சமமாகவே எண்ணும். அங்கிருந்த ஆராய்ச்சியாளர் கலியமூர்த்திக்கு அது போதவில்லை.

"ஒவ்வொரு மாறிக்கும் தனித்தனி எடை கொடுத்துப் படி பார்க்கணும்மா" என்றார்.

பாதி எழுதியிருந்தபோது அவளுக்கு ஐந்தாம் மாதம். உதிரம் கண்டது. எழுந்திருக்கவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். ஏற்கெனவே ஒன்று தங்காமல் போயிருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்தவள் பேச்சையே விட்டுவிட்டாள்.

முத்தலிப் மத்தியானத்தில் கடையைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உன் கணக்கு இன்னா ஆச்சு?"

"பாதியில கீது. வுடுங்க."

"படுத்துகினே எழுது. நான் கொண்டு போறேன். மொதல்ல அது இன்னான்னு சொல்லு."

"எக்ஸுக்கு எடை ரெண்டு, ஒய்க்கு மூணு. எக்ஸ் நாலு தபா பெருக்கினா எட்டு. ஒய் மூணு தபா பெருக்கினா ஒம்பது."

"எடை இல்லாங்காட்டி எக்ஸ் பெரிசு. எடை போட்டா ஒய் பெரிசு. பெரிசா வர்றதுதான் படியா?"

அவள் மெல்ல அவன் பக்கம் திரும்பினாள். "ஆமாங்க."

மல்லாந்தபடியே அவள் எழுதியதை அவன் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தான். நிலையத்தில் அதை அட்டைகளில் துளையிட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டினார்கள். மறுநாள் விடைத்தாளை வாங்கி வந்தான். எட்டு வரவேண்டிய இடத்தில் ஒன்பது வந்திருந்தது. கூட்டலில் ஒய் உறுப்புகள் ஒன்றையொன்று நீக்கிக்கொண்டு, முன்னால் நிற்கும் எண்ணான கெழு பூஜ்யமாகியிருந்தது. நிரலோ அந்த உறுப்பையும் எடைபோட்டிருந்தது.

"இல்லாததையும் எண்ணிக்கினு கீதுங்க!" அத்தனை நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள். கெழு பூஜ்யமானால் அந்த உறுப்பைத் தாண்டிப் போகும்படி ஒரு வரி சேர்த்துக் கொடுத்தாள்.

மறுநாள் தெருவிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான் முத்தலிப். "எட்டு! எட்டு வந்துடுச்சு!"

பக்கத்து வீட்டு அஷ்ரஃபுன்னிசா பதறி ஓடிவந்தாள். "அஞ்சாம் மாசம்தானே ஆவுது? எட்டுன்றியே இன்னா?"

மாதம் நிறைந்தே பெண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்த கலியமூர்த்தியின் கையில் ஆப்பிளோடு புதிய கணக்கும் இருந்தது. முத்தலிப் இரண்டையும் வாங்கிக்கொண்டு கதவை ஒருக்களித்தான்.

"அப்பறம் பாக்கலாம் சார். இப்போதான் ரெண்டு பேரும் கண்ணசந்தாங்க."