டாட் காம் இல்லாத மனைகள்

என் அக்கா காந்தாவை நான் திட்டுவேன். வேறு யாராவது திட்டினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த விஷயத்தில் என்னிடம் யாரும் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

அக்கா செம்பாக்கத்தில் மனைத் தரகர். அத்தான் ரயில்வேயில் இருந்தார், வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனாலும் அவளுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பக்கத்துத் தெரு மனை ஒன்றைத் தெரிந்தவருக்குக் காட்டப் போய், அப்படியே தொழிலாகிவிட்டது. ஒரு பொம்பளை ஸ்கூட்டரில் வந்து இறங்கி சர்வே நம்பர் கேட்டால் அப்போதெல்லாம் ஆண் தரகர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். இவள் அதைக் கண்டுகொண்டதே இல்லை.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. வெயில் காலத்தில் பார்த்த இடத்தை வெயில் காலத்திலேயே விற்கமாட்டாள். எங்கள் பக்கத்தில் பாதி மனைகள் ஒரு காலத்தில் ஏரிக்கரையாகவோ கால்வாயாகவோ இருந்தவைதான். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வரும். அதனால் யார் அவசரப்படுத்தினாலும் அக்கா ஒன்றுதான் சொல்வாள். "ஒரு மழை பாத்துட்டுச் சொல்றேன்." மழை கொட்டும்போது சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த மனையில் போய் நிற்பாள். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் அந்த இடத்தை அவள் மறந்துவிட வேண்டியதுதான். விற்கிறவர்களுக்கு இவளைக் கண்டாலே பிடிக்காது. கமிஷன் கைநழுவிப் போகும். ஆனால் 'காந்தாக்கா காட்டின இடம்' என்று சொன்னால் அந்த வட்டாரத்தில் யாரும் அடுத்த கேள்வி கேட்கமாட்டார்கள்.

அவளிடம் வருகிறவர்கள் பெரிய கைகள் இல்லை. ஷேர் ஆட்டோ ஓட்டும் எத்திராஜ், ராஜகீழ்ப்பாக்கத்தில் ஜாக்கெட் தைக்கும் ரத்தினபாய், நர்சுகள், பள்ளிக்கூட டீச்சர்கள், இப்படித்தான். நிலத்தின் விலை எகிற எகிற, இவர்களுக்குக் காட்ட அக்காவிடம் இடமே இல்லாமல் போயிற்று. செங்கல்பட்டைத் தாண்டிப் போனாலும் கைக்கு எட்டவில்லை.

"எத்தினி வருசமா சீட்டு கட்டிச் சேத்து எடுத்துக்கினு வர்றாங்க, புஷ்பா. அவங்களுக்குக் காட்ட எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்று என் வீட்டுக்கு வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இந்த நேரம் பார்த்துத்தான் வினோத்குமார் வந்தான். முன்பு அக்காவிடம் வாடகை வீடு கேட்டு வந்தவன், மரியாதையான பையன். இணையதள முகவரிகளை வாங்கி விற்பது எப்படி என்று மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான். அக்காவையும் கூப்பிட்டான். அவள் துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். நான் திருமுடிவாக்கத்தில் இரும்பு கேட் செய்யும் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டரைத் தொடுகிற வேலை என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அக்காவுக்கு ஒரு நினைப்பு.

வினோத்குமார் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரியே பேசினான். "அக்கா, டாட் காம்ன்றது நம்ம ஜி.எஸ்.டி. ரோடு, மெயினான எடம். நல்ல பேரெல்லாம் எப்பவோ வித்துப்போச்சு. இனிமே நம்மளால தொட முடியாது. ஆனா இப்பப் புதுசா டாட் ஷாப், டாட் ஆன்லைன், டாட் ஃபிஷ்னு நூத்துக்கணக்குல வந்துருக்கு. இதெல்லாம் அந்தக் காலத்துப் பெரும்பாக்கம் மாதிரி. அப்ப அங்க வாங்கச் சொன்னா யாராவது வாங்கினாங்களா? இப்ப என்ன ஆச்சு?"

பெரும்பாக்கம் என்ற பெயரைக் கேட்டதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெரும்பாக்கத்தில் நிலம் சும்மா கிடந்ததையும் பிறகு அடுக்குமாடிகளாக எழுந்து நின்றதையும் அவள் தன் கண்ணாலேயே பார்த்தவள். ஒரு முகவரியின் விலையைச் சொன்னதும் அவள் கண் விரிந்தது. ஒரு புடவை விலை கூட வரவில்லை. எத்திராஜும் ரத்தினபாயும் வாங்கக்கூடிய மனை கடைசியில் கிடைத்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அன்று வீடு திரும்பும்போது வழி நெடுக அவள் பேச்சு நிற்கவில்லை.

"உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு. கண்ல பாக்க முடியாத எடத்த வாங்கப் போறியா?" என்றேன்.

"பாக்க முடியாத எடத்துல தண்ணியும் நிக்காதுல்ல" என்றாள்.

பன்னிரண்டு முகவரிகள் வாங்கினாள். தாம்பரத்தில் வீடு, செம்பாக்கத்தில் பூ, வேளச்சேரியில் பல் வைத்தியம், மேடவாக்கத்தில் மீன், இப்படி எவனாவது ஒருநாள் தேடிவருவான் என்று நினைக்கத்தக்க பெயர்கள். எல்லாமே டாட் காம் இல்லாத வகை. செய்தி பரவியதும் எத்திராஜ், ரத்தினபாய் என்று ஒவ்வொருவராக வந்து, தங்களுக்கும் வாங்கித் தரச் சொன்னார்கள். வினோத்குமார் அப்போதே சேர்த்துவிடத் தயாராக இருந்தான். ஆனால் அக்கா தன் பழக்கத்தை விடவில்லை.

"மொதல்ல நான் வாங்கிருக்கேன். ஒரு மழை போவட்டும். அப்புறம் சொல்றேன்."

அவர்களும் சரியென்று காத்திருந்தார்கள். காந்தாக்கா சொன்னால் வாங்குவது என்று முடிவோடு இருந்தார்கள். எனக்குப் பயம் அதில்தான். அக்காவின் காசு போனால் போகட்டும். அவள் வாய்ச்சொல் போய்விட்டால் அவளிடம் வேறு என்ன இருக்கிறது?

முகவரிகளை வைத்துக்கொண்டு அவள் செய்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். காலி மனையில் பலகை நடுவது போல ஒவ்வொன்றிலும் 'விற்பனைக்கு' என்று எழுதித் தன் கைப்பேசி எண்ணைப் போட்டாள். பிறகு தினமும் காலையில் டீ குடித்துக்கொண்டே பன்னிரண்டையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வைப்பாள். ஆக்கிரமிப்பு ஏதும் நடந்திருக்கிறதா என்று பார்க்கிறாளாம். ஒருநாள் வெளிநாட்டிலிருந்து ஒருவன் பெரிய விலை சொல்லி எழுதியிருந்தான். அக்கா தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தாள். மறுநாள் அவன், விற்பதற்கு முன் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்கு முன்பணம் கட்டுங்கள் என்று எழுதினான். கட்ட வேண்டாம் என்று நான் கத்தினேன். ஜாங்கிரி போனது போனதுதான்.

ஒரே ஒரு முகவரிக்கு மட்டும் நல்ல காலம் வந்தது. கானாத்தூர் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் கங்கம்மாவிடம்தான் அக்கா வாடிக்கை. கங்கம்மாவின் மருமகள் ரேஷ்மா, பெரும்பாக்கம், மேடவாக்கம் அடுக்குமாடிகளுக்குப் போனில் ஆர்டர் எடுத்து மீன் சுத்தம் செய்து அனுப்ப ஆரம்பித்திருந்தாள். மாமியார் பெயரிலேயே டாட் காம் வைக்க நினைத்தாள். அதை யாரோ எப்போதோ எடுத்திருந்தார்கள். அக்கா கையில் இருந்த டாட் ஃபிஷ் ஒன்றை வாங்கின விலைக்கே அவளுக்குக் கொடுத்துவிட்டு, 'கங்கம்மா' என்ற பேரில் புதிதாக இன்னொரு டாட் ஃபிஷையும் வாங்கிக் கொடுத்தாள். ரேஷ்மா ஸ்கூட்டர் பெட்டியில் ஒட்ட ஸ்டிக்கர் அடிக்கக் கொடுத்தாள். கடைக்காரர் 'கங்கம்மா டாட் ஃபிஷ் டாட் காம்' என்று அடித்துக் கொடுத்தார்.

"அண்ணா, அந்தக் காமை எடுத்துடுங்க."

"அது இல்லாம எப்டிம்மா ஓப்பன் ஆவும்? நான் எத்தினி போர்டு போட்டுருக்கேன்."

இரண்டாவது தடவையும் டாட் காமோடுதான் வந்தது. மூன்றாவது தடவை ரேஷ்மா கடையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து அடிக்கவைத்து வாங்கினாள். ஆனால் ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு அந்தப் பெயர் அடுக்குமாடிப் பெண்களின் வாயில் ஒட்டிக்கொண்டது. ஆர்டர் பெருகியது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆண்டு முடிந்ததும் மழை வந்தது. நான் வானத்து மழையைச் சொல்லவில்லை. முகவரிகளை இன்னொரு வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும் என்று செய்தி வந்தது. முதல் வருஷ விலை ஆளைச் சேர்ப்பதற்காம். இரண்டாம் வருஷ விலை அதைப் போலப் பல மடங்கு. கட்டாவிட்டால் முகவரி கைவிட்டுப் போய்விடும். இது வகுப்பில் கொடுத்த தாளில் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும்தான் கவனிக்கவில்லை. நிலம் வாங்கினால் அது பாட்டுக்குக் கிடக்கும், காத்திருந்தால் விலை ஏறும் என்பதுதான் அக்காவுக்குத் தெரிந்த உலகம். இங்கே காத்திருப்பதற்கே வருஷா வருஷம் வாடகை கட்ட வேண்டும் என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை. கேட்டு வந்த ஆளும் ஒருவர் இல்லை.

வினோத்குமார் வீட்டுக்கு வந்தான். "அக்கா, இதுக்கு ஏன் கவலைப்படறீங்க? உங்க ஆளுங்க அத்தனை பேர் வாங்கணும்னு காத்துகினு இருக்காங்க. அவங்களுக்கே ஒண்ணு ஒண்ணா குடுத்துடுங்க. உங்க காசு உங்களுக்கு வந்துடும். மார்க்கெட்டே இப்டித்தான்."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனும் அப்படித்தான் தன் காசை மீட்டுக்கொண்டிருந்தான். அக்கா காபி கொடுத்து அனுப்பினாள். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கக் கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள். டீயும் மசால்வடையும் வாங்கி வைத்திருந்தாள். கல்யாணப் பேச்சுக்கு வந்தது போல எல்லாரும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"நான் வாங்கினது நஷ்டம். மீனு பேரு ஒண்ணு தவிர ஒண்ணும் போவல. ரெண்டாவது வருசம் வெல எக்கச்சக்கம், அத நான் மொதல்லயே கேட்டுருக்கணும், கேக்கல. எல்லாத்தையும் வுட்டுடப் போறேன். நீங்க யாரும் வாங்காதீங்க."

அறையில் யாரும் வடையைத் தொடவில்லை. எத்திராஜ்தான் முதலில் பேசினான். மகள் பெயரில் பத்து முகவரி வாங்கணும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவன்.

"இன்னாக்கா நீ. ஒரு வருசமா ஆச காட்டிட்டு இப்பப் போயி இல்லன்ற."

"நானும் நம்பிக்கினுதான் இருந்தேன் எத்திராஜு."

"சொல்லாம எங்க கைல வித்துருந்தா உன் காசாவது வந்துருக்கும்ல?"

"வந்துருக்கும். அப்டி வித்துடச் சொல்லி யோசனையும் சொன்னாங்க. எனக்கு மனசு வர்ல."

ரத்தினபாய் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்ப இது சுத்தமா வேஸ்டாக்கா? ரேஷ்மாவுக்கு நல்லா ஓடுதே."

"ரேஷ்மா அதுல கட வெச்சிருக்கு. உன் தையக் கடைக்கு ஒரு பேரு வேணும்னா நீயும் வாங்கிக்க, டாட் காம் இல்லன்னா ஒண்ணும் கொறஞ்சி போவாது. ரெண்டாவது வருசத்து வெலையக் கேட்டுட்டு வாங்கு. ஆனா சும்மா வெச்சிருந்து வெல ஏறினா விக்கலாம்னு நெனச்சின்னா, வாணாம்."

எத்திராஜ் டீயைக் குடிக்காமலே எழுந்து போனான். வாசலில் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அக்கா வடைத் தட்டை எடுத்து மூடி வைத்தாள். நான் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நன்றாக இல்லை. காந்தாவே கம்ப்யூட்டரில் காசை விட்டுவிட்டாளாம், இனி இவள் சொல்லி யார் நிலம் வாங்குவது என்று மற்ற தரகர்கள் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் ஒருவர் என் காதுபடவே சொன்னார். அவர் விற்ற இரண்டு மனைகள் போன மழையில் முங்கிய கதையை நான் உரக்கச் சொன்னேன். பஸ்ஸில் ஏறாமல் நின்று முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். ஆனால் அதனால் அக்காவின் போன் அடிக்கத் தொடங்கிவிடவில்லை. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை புலம்பவில்லை. வாடகை வீடு பார்த்துக் கொடுக்கும் சின்ன வேலைகளைச் செய்துகொண்டிருந்தாள்.

ஒரு மாலை நான் அக்கா வீட்டில் இருக்கும்போது எத்திராஜ் போனில் கூப்பிட்டான். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டேன். சண்டைக்குத்தான் கூப்பிடுகிறான் என்று நானும் தயாராகவே இருந்தேன்.

"அக்கா, என் மச்சான் மண்ணிவாக்கத்தாண்ட ஒரு எடம் பாத்துகிறான். சொந்தக்காரன், புரோக்கரு, பேங்க்காரன், எல்லாரும் நல்லா கீது, வாங்குன்றாங்க."

"சரி, வாங்கட்டுமே. எங்கிட்ட இன்னாத்துக்குக் கேக்கற?"

"எல்லாரும் நல்லா கீதுன்றாங்களே, அதான் பயமா கீதுக்கா. நீ ஒரு தபா வந்து பாரு. நீ வாணாம்னா வுட்டுடறோம்."

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளட்டும். "நாளைக்குக் காலைல வர்றேன்" என்றாள்.

போய்ப் பார்த்தாள். மழைக்குக் காத்திருக்கவே தேவையில்லாத பள்ளம், வேண்டாம் என்று சொன்னாள். அவர்கள் விட்டுவிட்டார்கள். வாங்காத இடத்துக்குக் கமிஷன் ஏது? ஆனாலும் எத்திராஜின் மச்சான் அவள் கையில் பணம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனானாம். அதன் பிறகு இதே மாதிரி நிறைய பேர் கூப்பிடுகிறார்கள். மனை, ஃப்ளாட், சீட்டுக் கம்பெனி, முகவரி, எதுவாக இருந்தாலும் கையெழுத்துப் போடும் முன் அவளிடம் ஒருமுறை கேட்டுக்கொள்கிறார்கள். எங்கள் பக்கத்தில் வாங்கு வாங்கு என்று சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. வேண்டாம் என்று சொல்லக் கேட்பதற்கு ஜனங்கள் தேடிவருவது ஒருத்தியைத்தான். அவள் என் அக்கா.